பருத்திமார்ப் புகை

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நாலாட்டின்புத்தூரைக் கடந்ததும் வருகிற இடைசெவல் என்னும் எங்கள் ஊரை, 1923ஆம் ஆண்டின் செப்டம்பர் மாதத்தில் ஒருவர் பின் ஒருவராக அங்கே பிறந்த கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் முன்னிட்டு இலக்கிய அபிமானிகள் அறிவார்கள். அவ்விருவரும் எங்கள் மண்ணைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் எழுதாமல் விட்டது அதிகமில்லை. ஆயினும், அந்த ஊரின் அடுப்படிகளில் அறுபது எழுபது வருஷங்களுக்கு முன்னால் மண்டிக் கிடந்த புகையைப் பற்றியும், அதற்குள்ளேயே வாழ்ந்து மூத்து, மூச்சு முட்டி மறைந்த பெண்களைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

கரிசல் பூமியில் விறகு அருமையான வஸ்து. சீமைக்கருவேல் வந்து காடாகப் பரவுவதற்கு முன்னர், ஊரைச் சுற்றி இருந்த வேம்பும் உடையும் கலப்பைக்கும் வண்டிக்கும் வீட்டு உத்திரத்துக்கும் வேண்டியவையாக இருந்தபடியால், அவற்றை வெட்டி அடுப்பில் வைக்க எந்தச் சம்சாரிக்கும் மனம் வராது. கம்மந்தட்டையும் சோளத்தட்டையும் மாடுகளின் ஆகாரம்; அவற்றில் கை வைப்பது பாவம். மிஞ்சியது பருத்திமார். ஐப்பசி மழைக்கு விதைத்த பருத்தி, மாசி பங்குனியில் வெடித்து, கடைசி எடுப்பும் முடிந்து, வெறுஞ்செடியாகக் காய்ந்து நின்ற பிறகு, அதை வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கட்டி, வண்டியிலேற்றிக் கொண்டுவந்து வீட்டின் புறக்கடையில் படப்பாக அடுக்கி வைத்துவிட்டால், அடுத்த மகசூல் வரையில் அந்த வீட்டின் அடுப்புக்கு அதுவே ஆதாரம். படப்பின் உயரத்தைப் பார்த்தே அந்தக் குடும்பத்தின் நிலத்தை மதிப்பிட்டுவிடலாம். அதுவும் தீர்ந்துபோன வீடுகளில் எருவாட்டியையும், சில சமயம் காய்ந்த மிளகாய்ச் செடியையும்கூட எரிப்பார்கள். மிளகாய்ச் செடியின் புகை தெருவில் போகிறவர்களையும் நின்று தும்ம வைக்கும்.

பருத்திமாருக்கு ஒரு சுபாவம் உண்டு. புளிய விறகையோ வேப்ப விறகையோ அடுப்பில் சொருகிவிட்டால், அது நின்று எரியும். சமைக்கிறவள் சற்று எழுந்து வெளியே போய்த் தண்ணீர் எடுத்து வரலாம், பிள்ளையைப் பார்க்கலாம், முற்றத்துக் காற்றைச் சுவாசிக்கலாம். பருத்திமாரோ படபடவென்று பற்றி, நாலு நிமிஷத்தில் சாம்பலாகிவிடும். ஆகவே ஒரு கையால் மாரை ஒடித்து ஒடித்துத் தள்ளிக்கொண்டும், மற்றொரு கையால் கம்மஞ்சோற்றைக் கிண்டிக்கொண்டும், தீ அணையுந்தோறும் குனிந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டும், அடுப்பின் வாயைவிட்டு அகலாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பும் சோளமும் அரிசியைப்போலச் சீக்கிரம் வெந்துவிடுகிற தானியங்களும் அல்ல. இந்த நாட்டின் தானியமும் இந்த நாட்டின் எரிபொருளும் சேர்ந்து, எங்கள் பெண்களை நாள்தோறும் பல மணிநேரம் புகையின் முகத்திலேயே உட்கார்த்தி வைத்தன. விறகின் புகையைப் பற்றிப் பிற்காலத்தில் நான் படித்த அறிக்கைகள் பலவற்றுள்ளும், எரிபொருளின் வேகத்துக்கும் பெண்ணின் உட்காருதலுக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தைப் போதிய அழுத்தத்தோடு சொன்னதாக எதையும் நான் காணவில்லை.

காற்றுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற ஆனி ஆடிக் காற்று, கயத்தாறு வட்டாரத்தில் எத்தனை பலமாக வீசுகிறது என்பதற்கு, அந்த வட்டாரம் முழுவதும் இன்று நிற்கிற காற்றாலைகளும், தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அங்கே அமைத்திருக்கிற சோதனை நிலையமுமே சாட்சி. ஆனால் அந்தக் காற்றுக்குப் பயந்துதான் எங்கள் முன்னோர் அடுப்படிகளுக்கு ஜன்னல் வைக்காமல் கட்டினார்கள். கூரைகள் ஓலையாலும் தட்டையாலும் வேய்ந்தவை. புறக்கடையில் காய்ந்த படப்பு. ஒரு பொறி பறந்தால் தெருவே சாம்பலாகும். தவிரவும், புகை அவர்களுக்கு முழு விரோதியாகவும் தோன்றவில்லை. கூரையில் கறையான் ஏறாமல் காத்தது அதுதான். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட விதைகளில் பூச்சி விழாமல் காத்ததும் அதுதான். மழைக்காலத்துக் கொசுவை விரட்டியதும் அதுதான். இவ்வளவு உபகாரம் செய்கிற ஒன்று ஆளைக் கொல்லும் என்று யார் நினைப்பார்கள்?

எங்கள் அவ்வா, அதாவது என் தகப்பனாரின் தாயார், அந்த அடுப்படியின் ஏகசக்ராதிபதி. விடியற்காலம் கோழி கூவுமுன் அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தால், கிழக்கு வெளுக்கும்போது வீட்டின் கூரை இடுக்குகள் வழியாகப் புகை கசிந்து தெருவின் மேல் ஒரு நீலப் படலமாக நிற்கும். எல்லா வீட்டுப் புகையும் அதில் வந்து சேர்ந்துகொள்ளும். அடுப்படிக்குள்ளே நுழைந்தால் முழங்காலுக்கு மேல் ஒன்றும் தெரியாது. சுவர்கள் மினுமினுக்கும் கருப்பாக, தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும் பிசினோடு இருக்கும். குழந்தைகளாகிய நாங்கள் தரையோடு தரையாகக் குனிந்து போய், கஞ்சியை வாங்கிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிடுவோம். அவளுக்கு ஓடிவர வழியில்லை. பால்குடிக்கிற பிள்ளைகளை உடைய இளம்பெண்கள் அந்தப் பிள்ளைகளை மடியிலோ பக்கத்துத் தொட்டிலிலோ போட்டுக்கொண்டே சமைப்பார்கள். மாரி காலங்களில் அந்தப் பச்சைப் பிள்ளைகளுக்குச் சளி கட்டி, விலா எலும்பு உள்வாங்க மூச்சிழுப்பு வரும். சில பிழைக்கும், சில பிழைக்கா. வீட்டுப் புகையில் வளர்கிற குழந்தைகளுக்கு நுரையீரல் அழற்சி வரக்கூடிய அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்லுகிறது. அக்காலத்தில் எங்கள் தெருவில் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மாந்தமும் கண்ணேறும்.

அவ்வாவுக்கு இருமல் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. என் நினைவு தொடங்கும்போதே அது இருந்தது. தூதுவளையும் ஆடாதோடையும் கண்டதிப்பிலியும் மாறி மாறிக் கொடுத்தார்கள். இருமல் இளைப்பாயிற்று. குடத்தை இடுப்பில் வைத்துக் கிணற்றிலிருந்து வருகிறவள், நடுவழியில் இரண்டு இடங்களில் இறக்கி வைத்துவிட்டு வரத் தொடங்கினாள். பிறகு கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து வெகுநேரம் அப்படியே நிற்கும். உதடும் நகக்கண்ணும் நாவற்பழத்தைத் தொட்டதுபோல் நீலம் பாரித்தன. அப்போதுதான் என் தகப்பனார் வில்வண்டியைப் பூட்டி அவளைக் கோவில்பட்டிக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் உடன் போனேன். அந்த டாக்டர் நல்ல மனிதர், நெஞ்சுக்குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, “பாட்டி, பீடி, சுருட்டு பிடிக்கிற பழக்கம் உண்டா?” என்று விசாரித்தார். அவ்வாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன சாமி இப்படிக் கேக்கீக? எங்க வம்சத்துல எந்தப் பொம்பளை சுருட்டுப் பிடிச்சா?” என்றாள். இருதயம் பலவீனப்பட்டிருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும், ஓய்வு வேண்டும் என்று சொல்லி அவர் மருந்து எழுதிக் கொடுத்தார். என்ன எரித்துச் சமைக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அக்காலத்து வைத்தியப் புத்தகங்களிலும் அப்படி ஒரு கேள்வி இருந்திராது. சில வருஷங்களில் அவள் காலமானாள். ஓய்வு என்று அவள் பெற்றது அதுதான்.

அதே காலத்தில் என் சித்தப்பா ஒருவர் பக்கத்தில் ஒரு பஞ்சாலையில், மூட்டையைப் பிரித்துப் பஞ்சை உதறி இயந்திரத்தில் கொடுக்கும் பகுதியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்திலும் காது மடலிலும் வெள்ளை படிந்து, வாலிப வயதிலேயே நரைத்தவராகக் காட்சியளிப்பார். அவருக்கும் மூச்சுமுட்டல் வந்தது. ஆனால் அது வந்த விதம் விசித்திரமானது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் சுகமாக இருப்பவர், திங்கட்கிழமை வேலைக்குப் போய்ச் சில மணிநேரத்தில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதாகச் சொல்லுவார். செவ்வாய், புதனில் தணிந்துவிடும். வருஷங்கள் செல்லச் செல்ல அந்த இறுக்கம் வாரம் முழுவதும் நீடித்தது. கடைசியில் விடுமுறையிலும் விடவில்லை. ஆலையில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது. சோம்பேறிகளின் வியாதி என்று மேஸ்திரி பரிகசிப்பதாகச் சித்தப்பா வருந்திச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

திங்கட்கிழமைதோறும் திரும்பி வருகிற அந்த இறுக்கம் உலகத்தின் பஞ்சாலை ஊர்கள் எல்லாவற்றுக்கும் பரிச்சயமான ஒன்று என்பதையும், வைத்திய சாஸ்திரத்தில் அது பிசினோசிஸ் என்று பேர்பெற்றது என்பதையும் நான் வெகுகாலம் கழித்தே அறிந்தேன். சணலும் ஆளியும் சிக்கெடுக்கிறவர்கள் இருமியே மெலிவதை இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி, தொழிலாளர்களின் வியாதிகளைப் பற்றி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே குறித்திருக்கிறார். பஞ்சோடு கலந்து வருகிற இலைச் சருகும் காய்த்தோலும் நொறுங்கித் தூசியாகும்போது, அவற்றில் ஒட்டியிருக்கும் நுண்கிருமிகளின் விஷமும் சேர்ந்து மூச்சுக்குழல்களைச் சுருங்கச் செய்கிறது என்பது இன்றைய விளக்கம். இந்தியாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் பஞ்சு, சணல் தூசிகளால் வரும் இந்நோய் இடம்பெற்றது. நடைமுறையில் எத்தனை பேர் அதன் பலனை அடைந்தார்கள் என்பது வேறு விஷயம், சித்தப்பா அடையவில்லை. ஆயினும் அவருடைய நோய்க்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது.

அவ்வாவின் நோய்க்கு அப்படி எந்த அட்டவணையிலும் இடம் இல்லை. ஒரே பருத்திச் செடி, தன் பஞ்சின் தூசியை ஆண்களின் மார்பிலும் தன் தண்டின் புகையைப் பெண்களின் மார்பிலும் செலுத்தியது. கூலி வாங்கிச் செய்த வேலையால் வந்த வியாதியை அரசாங்கம் வியாதி என்று ஒப்புக்கொண்டது. கூலியில்லாமல் செய்த வேலையால் வந்ததைத் தள்ளாமை என்றும் தலையெழுத்து என்றும் நாங்கள் எல்லோரும் சொல்லிவிட்டோம். இந்த அநீதியை நினைக்குந்தோறும் என் மனம் ஆறுவதில்லை.

அவளுடைய வீங்கிய கால்களுக்கு அர்த்தம் சொன்னவர் ஒரு பெண் டாக்டர். பர்மாவில் 1917ஆம் ஆண்டில் பிறந்து, ரங்கூனில் வைத்தியம் படித்து, 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது தாயோடும் சகோதரிகளோடும் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்த எஸ். ஐ. பத்மாவதி, பின்னர் மேல்நாடுகளில் இருதய சிகிச்சை பயின்று, தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். நுரையீரல் கெட்டு, அதனால் இருதயத்தின் வலப்பக்கம் பெருத்துத் தளர்ந்துபோகிற நோயோடு தில்லி ஆஸ்பத்திரிகளுக்கு வந்தவர்களை அவரும் பதக் என்ற டாக்டரும் ஆராய்ந்து, 1959ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க இருதய சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டனர். மேல்நாடுகளில் பெரும்பாலும் புகைபிடிக்கிற ஆண்களுக்கே வருகிற அந்த நோய், இங்கே புகையிலையைத் தொட்டறியாத பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாக, அதுவும் ஆண்களைவிட இளம்வயதில் வருவதைக் கண்டு, சிறுமிப் பருவம் முதல் அவர்கள் சுவாசித்த அடுப்புப் புகையே அதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். புகையால் தடித்தும் அழிந்தும் போன நுரையீரலில் இரத்தக் குழாய்கள் குறுகிவிடுகின்றன; அவற்றுக்குள் இரத்தத்தைத் தள்ளுவதற்கு இருதயத்தின் வலப்பக்கம் அளவுக்கு மீறிப் பாடுபடுகிறது; பாடுபட்டு ஓய்ந்ததும் இரத்தம் பின்தேங்கி, கால் வீங்குகிறது. இதை முதன்முதல் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வாவைக் கோவில்பட்டிக்கு அழைத்துப்போன நாட்களை ஒட்டியே, தில்லியில் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

புகையை வெளியேற்றும் அடுப்பைப் பற்றி யாரும் யோசிக்காமலும் இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா நடத்திவந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இருப்பிடமான வார்தா மகன்வாடியில், மகன் சூலா என்ற புகையில்லா அடுப்பு உருவாயிற்று. ஹைதராபாத்து இஞ்சினீயர் எஸ். பி. ராஜு, கோடிக்கணக்கானோர்க்குப் புகையில்லாச் சமையலறை என்ற கருத்தில் எழுதிய சிறுநூல் 1953இல் சென்னையில் அச்சாயிற்று. சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கிராம சேவகர் எங்கள் ஊருக்கும் வந்து, இரண்டொரு வீடுகளில் அப்படிப்பட்ட அடுப்பைப் போட்டுக் காட்டினார். அது நிலைக்கவில்லை. அதன் வாய் விறகுக்கட்டைக்காக அளந்தது. எங்கள் பருத்திமாரோ கிளையும் கொம்புமாக விரிந்தது. அதன் குழிகள் ஓர் அளவுள்ளவை. எங்கள் பானைகள் பல அளவுள்ளவை. குழாயில் சில வாரங்களிலேயே கரி அடைத்துக்கொண்டு, புகை முன்னைவிட அதிகமாக உள்ளே திரும்பியது. ஆடிக் காற்றில் குழாயின் வாயிலிருந்து பொறி பறக்குமே என்று கூரைவீட்டுக்காரர்கள் பயந்தார்கள். அப்பயம் நியாயமானது. கிராமத்துப் பெண்கள் புதுமையை ஏற்க மறுத்தார்கள் என்று பிற்காலத்து அறிக்கைகளில் காணும் வாக்கியத்தை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அடுப்பை வடிவமைத்தவர்கள் பருத்திமாரை ஒடித்து எரித்துப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

புகையை அளந்து பார்க்கும் முயற்சி ஏறக்குறைய முப்பது வருஷங்கள் கழித்தே வந்தது. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1981இல் குஜராத்துக் கிராமங்களில், சமைக்கிற பெண்களின் உடம்பிலேயே கருவியை மாட்டிவிட்டு அளந்தபோது, அவர்கள் சுவாசிக்கிற ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 7 மில்லிகிராம் துகள் இருந்தது. அது பெரிதும் சிறிதுமான துகள்கள் யாவும் சேர்ந்த கணக்கு. நுரையீரலின் அடிப்பைகள் வரை இறங்கி, இரத்தத்திலும் கலக்க வல்ல நுண்துகள்களுக்கு நம் நாடு விதித்திருக்கிற ஒரு நாளைய எல்லை 60 மைக்ரோகிராம் என்பதையும், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன எல்லை 15 மைக்ரோகிராம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மில்லிகிராமில் எண்ண வேண்டியிருந்த அந்தக் காற்றின் தன்மை விளங்கும். நம் தமிழ்நாட்டிலேயே, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் கிராமத்து வீடுகளில் அளந்து, அடுப்பின் அருகில் இருப்பவளுக்கு மட்டுமின்றி, பக்கத்து அறையில் படுத்திருக்கும் முதியவர்களுக்கும் அதில் பங்கு உண்டென்று காட்டினார்கள். 1992-93இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள், விறகும் எருவும் எரிக்கும் வீடுகளில் காசநோய் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை.

எங்கள் மாவட்டத்தில் காற்றைப் பற்றிய பேச்சு என்றால் தூத்துக்குடி நினைவுக்கு வருவது இயல்பே. அங்கே தாமிர உருக்காலையை எதிர்த்து ஜனங்கள் வருஷக்கணக்காகப் போராடியதையும், 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சுற்றுப்புறத்தைக் கெடுத்ததற்காக 100 கோடி ரூபாய் செலுத்த உத்தரவிட்டதையும், 2018 மே மாதத்தில் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் மாண்டதையும் நாடு அறியும். அந்தப் போராட்டம் தேவையானது. அதில் உயிர் துறந்தவர்களை நான் வணங்குகிறேன். அந்த ஊர்வலங்களில் நடந்த வயோதிகப் பெண்களைப் பத்திரிகைப் படங்களில் பார்த்தபோது, இவர்களில் எத்தனை பேர் தம் வீட்டு அடுப்படியிலும் நாற்பது வருஷம் புகை குடித்தவர்களோ என்று எனக்குத் தோன்றிற்று. ஆலைக்கு ஒரு வாசலும் ஒரு முதலாளியும் இருக்கிறபடியால், அதன் முன்னே போய் நின்று கேட்க முடிகிறது.

2006க்குப் பின் மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும் எங்கள் பக்கத்து அடுப்படிகளை மாற்றியதைப் போல் வேறு எதுவும் மாற்றவில்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். காலையில் தெருவின் மேல் நிற்கும் நீலப் படலம் இப்போது இல்லை. படப்புகளும் இல்லை; பருத்தியே குறைந்துபோய், மக்காச்சோளம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் சென்ற முறை ஊருக்குப் போனபோது, என் தம்பியின் மருமகள் வீட்டின் பின்னால் தகரக் கொட்டகையில் கல்லடுப்பு மூட்டியிருந்தாள். “காப்பிக்கும் விருந்தாளுக்கும் கேஸு, மாமா. சோத்துக்கும் வெந்நிக்கும் இந்தா காடு பூரா கெடக்கே கருவ” என்றாள். சிலிண்டருக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு வாரத்துக் காய்கறி வாங்கலாம் என்றும் சொன்னாள்; அவள் கணக்கில் பிழையில்லை. கருவை நின்று எரிகிற விறகு என்பதால், அடுப்பை விட்டு அவள் எழுந்து போக முடிகிறது; கொட்டகைக்கு மூன்று பக்கமும் திறப்பு. அவ்வாவோடு ஒப்பிட்டால் அவள் எவ்வளவோ பாக்கியசாலி. எனினும் அவளுடைய இரண்டு பெண்களில் இளையவள், இருமிக்கொண்டே அந்த அடுப்பின் பக்கத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சுகாதாரப் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே வந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துப் போகிறார்கள். அந்தப் பணியாளர்கள் கையில் வைத்திருக்கிற பதிவேட்டில், என்ன எரித்து எத்தனை வருஷம் சமைத்தீர்கள் என்ற ஒரு கேள்வியும், ஊதிப் பார்த்து மூச்சின் பலத்தை அறிகிற அந்தச் சிறிய குழாய்க்கருவியின் அளவை எழுத ஒரு கட்டமும் சேர்க்கப்பட வேண்டும் என்று சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறேன். கருவியின் விலை அதிகமில்லை. இடைசெவலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், பருத்திமார் எரித்த தலைமுறையின் கடைசிப் பெண்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டி இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடமிருந்தே அந்தக் கணக்கைத் தொடங்கலாம்.